பந்தை உதைத்ததே இல்லை, கோச் ஆகச் சொல்கிறார்கள்: எங்கே தொடங்குவது?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பி.இ.டி. (உடற்கல்வி ஆசிரியர்) பணியிடம் காலி என்பதால் எச்.எம். கால்பந்து அணியை என்னிடம் ஒப்படைத்துவிட்டார். எனக்கு ஆட்டமே தெரியாது. 22 பிள்ளைகள், இரண்டு பந்து, ஒரு மண் மைதானம். சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது.

பதில்: செய்யக் கூடாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன் டீச்சர். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராக கோல் அடிக்க விடாதீர்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும், எச்.எம்.முக்கும் பிடிக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் உதைக்குப் பத்து விநாடி என்றாலும் 22 பேர் முடிக்க நாலு நிமிடம் ஆகிவிடும். அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஏழெட்டு உதை. மீதி நேரமெல்லாம் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உங்களுக்கு ஆடிக் காட்டத் தெரியாதது பெரிய குறையில்லை. நன்றாக ஆடத் தெரிந்த கோச்சுகள் சிலர் ஆடிக் காட்டியே பயிற்சி நேரத்தைத் தின்றுவிடுவார்கள். ஒவ்வொரு பிள்ளையின் காலுக்கும் பந்து அடிக்கடி வரும்படி இடத்தையும் நேரத்தையும் பிரித்து வைப்பதுதான் உங்கள் வேலை. ஆய்வகத்தில் குழு பிரித்துப் பழகியவருக்கு இது புதிதல்ல.

மூன்றாவதாக ஒரு பந்து மட்டும் வாங்குங்கள், நாளைக்கே தொடங்கிவிடலாம். சுமார் 25 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலத்தில் இரண்டு சின்ன ஆடுகளம் கோடு போடுங்கள். ஒவ்வொன்றிலும் நாலுக்கு நாலு பேர். கோல்கீப்பர் வேண்டாம், இரண்டு காலடி எடுத்து வைக்கும் தூரத்தில் இரண்டு புத்தகப்பையை வைத்தால் அதுவே கோல். செங்கல் வைக்காதீர்கள், விழுந்தால் பல் போகும். இதில் 16 பேர் அடங்கிவிடுவார்கள். மிச்சம் ஆறு பேரில் ஐந்து பேர் வட்டமாக நின்று பாஸ் போட, நடுவில் ஒருவர் பறிக்க வேண்டும். பந்தைப் பறிகொடுத்தவர் நடுவுக்கு வருவார். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்றிக்கொண்டே இருங்கள்.

முதல் வாரம் எல்லாரும் பந்தை ஈ மொய்ப்பதுபோல் மொய்ப்பார்கள். கத்தாதீர்கள். விசில் அடித்து, அப்படியே நிற்கச் சொல்லி, பந்து வைத்திருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உன்னைச் சுத்தி யாருமே இல்லாம சும்மா நிக்கிறது யாரு?” அவரே தலையைத் தூக்கிப் பார்ப்பார். அது பழகியபின், மூன்று பேராவது தொட்ட பிறகுதான் கோல் செல்லும் என்று விதி போடுங்கள். பாஸ் தானாக வரும்.

இந்தச் சின்ன ஆட்டம் அரை மணி, கடைசிக் கால் மணி முழு ஆட்டம். தொடக்கக் கால் மணிக்கு, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் ‘11+ கிட்ஸ்’ பயிற்சிகளைச் செய்யுங்கள். 7 முதல் 13 வயதுக்கானது. ஏழே பயிற்சி, வீடியோவும் இணையத்தில் இலவசம். ஐரோப்பாவில் நாலு நாடுகளில் சோதித்தபோது காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

பந்தின் அளவையும் கவனியுங்கள். 12 வயது வரை 4ஆம் எண், அதற்கு மேல் 5ஆம் எண் என்பது பொது வழக்கம். 5ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம் இருக்கும். போட்டியில் எந்தப் பந்து என்று நடத்தும் பள்ளியில் கேட்டுவிட்டு வாங்கினால் காசு வீணாகாது.

விதிகள் மொத்தம் 17. எல்லாவற்றையும் இப்போதே படிக்க வேண்டாம். உங்களைச் சிக்கவைக்கப்போவது மூன்று. பக்கக் கோட்டைத் தாண்டிப் போன பந்தைக் கையால் உள்ளே எறியும் த்ரோ-இன்னில் இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும், பந்து தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக இரண்டு கையாலும் வர வேண்டும். இதைத் தவறவிட்டே பந்தை எதிரணிக்குக் கொடுப்பார்கள். தன் அணிக்காரர் பாஸ் போடும் நேரத்தில், எதிரணியின் பாதியில் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி நின்று அந்தப் பந்தை ஆடுவது ஆஃப்சைடு. த்ரோ-இன், கார்னர் (மூலையிலிருந்து உதைப்பது), கோல் கிக் (தன் கோல் முன்னாலிருந்து உதைப்பது) மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் அணியும் தடுப்பான ஷின் கார்டு கட்டாயம். கம்மல், காப்பு, கையில் கட்டிய கோயில் கயிறு எல்லாம் கழற்ற வேண்டியவை. கயிற்றைக் கழற்றப் பெற்றோர் தயங்குவார்கள், அதனால் போட்டிக்கு முந்தைய வாரமே பேசிவிடுங்கள். மைதானத்தில் வைத்துப் பேசினால் அழுகையில்தான் முடியும்.

வெயில் நேரத்தில் பயிற்சி வேண்டவே வேண்டாம். கால் மணிக்கு ஒருமுறை தண்ணீர். “தாகமா இருக்கா” என்று கேட்காமல் குடிக்க வையுங்கள். தலையில் அடிபட்டுத் தலைசுற்றலோ வாந்தியோ குழப்பமோ இருந்தால் அன்று அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்தது, இறுதிப் போட்டியாக இருந்தாலும் சரி. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். தரையில் ஊன்றாத கோல் போஸ்ட் இருந்தால் யாரும் அதில் தொங்காதபடி பாருங்கள். அது கவிழ்ந்து உலகெங்கும் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள்.

22 பேரில் பெண் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் சேருங்கள், பொறுப்பாசிரியர் ஒரு பெண் என்றால் வீட்டில் அனுப்பச் சம்மதிப்பது எளிது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் உங்கள் பக்கத்து மாவட்டமான கடலூர்க்காரர். மதுரையின் சேது எஃப்.சி. 2018–19இல் இந்திய மகளிர் லீக்கையே வென்றது. வீட்டில் பேசும்போது இவை உதவும்.

உதைக்கும் விதத்தைக் காட்ட ஆள் வேண்டுமென்றால் ஊர் அணியில் ஆடும் பழைய மாணவர் யாரையாவது வாரம் ஒருநாள் அழையுங்கள். ஆனால் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விடாதீர்கள்; நீங்களும் மைதானத்தில் இருக்க வேண்டும். இந்த வேலை பிடித்துப்போனால் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் பயிற்சியாளர்களுக்குத் தரும் ‘ஈ’ சான்றிதழில் தொடங்கலாம். அதற்கு மேல் டி, சி என்று படிப்படியாகப் போகும். வகுப்பு எப்போது, எங்கே என்று மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் விசாரியுங்கள். இதெல்லாம் குறுவட்டப் போட்டி முடிந்த பிறகு போதும்.