பாரிஸ் மாமா தந்த வைன் புளிக்கிறது, பழுதா? (பதில்)

கிளிநொச்சியில் இருந்து கேட்டிருந்தீர்கள்: மாமா கொண்டுவந்த மஸ்கடே என்ற பிரெஞ்சு வெள்ளை வைன் போத்தல் புளிக்கிறது, இனிப்பே இல்லை, நாக்கில் லேசாகக் குத்துகிறது, பழுதா என்று. பெரும்பாலும் பழுதில்லை. பிரான்சின் மேற்கே நாந்த் நகரைச் சுற்றி விளையும் திராட்சையில் செய்வது அது. புளிப்புத்தான் அதன் குணம். லேபிளில் 'சுர் லி' என்றிருந்தால், ஈஸ்ட் மண்டியோடு கிடந்து அப்படியே போத்தலுக்கு வந்தது. அந்தக் குத்தல், நொதித்தபோது உண்டாகி மிஞ்சிய வாயு.

மூக்கை நம்புங்கள். தேசித்தோல், பச்சை அப்பிள் மணம் வந்தால் சரி. வினாகிரி, நகப்பூச்சு நெடி, நனைந்த மட்டைப்பெட்டி மணம் என்றால் வெளியே கொட்டிவிடுங்கள். நிறம் பழுப்பாகியிருந்தாலும் அப்படித்தான். காலைக் கள்ளையும் பின்னேரக் கள்ளையும் மணத்திலேயே பிரிக்கிற ஊர் நாங்கள், இதற்கென்ன தனிப் படிப்பு!

என் சந்தேகம், இந்த வெயிலில் சூடாகக் குடித்திருக்கிறீர்கள். 8 முதல் 10 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும். மூன்று மணித்தியாலம் பிரிட்ஜில் வையுங்கள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். முல்லைத்தீவு இறாலை உப்பும் தேசிக்காயும் மட்டும் விட்டு வதக்கிப் பக்கத்தில் வையுங்கள். தூள் போட்ட நண்டுக்கறி வேண்டாம்; அந்த உறைப்பில் வைன் வெறும் புளித்தண்ணிதான்.