எச்சில் வறண்டால் எதை வாங்குவது?

இந்த வாரக் கடிதங்களில் வாய் வறட்சி பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன். என்னைத் திட்டியிருந்த வரிகளும் அதில் போயின.

கேள்வி: என் கணவருக்கு எழுபது வயது. இரவில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. மருந்துக்கடை ஸ்ப்ரே அடித்தால் கொஞ்ச நேரம் சரி, அப்புறம் பழைய கதைதான். மூன்றாவது பாட்டில் ஓடுகிறது. நல்ல பிராண்டாகச் சொல்லுங்கள். பிரஷருக்கு நீர் மாத்திரையும், தும்மலுக்கு ராத்திரி ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார்.
*(வாசகி, சாட்ஸ்வொர்த்)*

பதில்: காரணத்தைக் கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள் அம்மா. தூக்கம் வரவைக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரைகள் எச்சிலைக் குறைப்பதில் பேர் போனவை. நீர் மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் வருவதற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் என்று இந்த வேலையைச் செய்யும் மருந்துகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

நல்ல நிலையில் ஒருவருக்கு ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறும். தூக்கத்தில் அது ஏறக்குறைய நின்றுவிடும். ஸ்ப்ரே வாயை நனைக்கும், அவ்வளவுதான். எச்சிலை ஊற வைக்காது. எனவே உங்கள் மூன்று பாட்டிலிலும் பழுது இல்லை. அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைப் பெட்டிகளையும் ஒரு பையில் போட்டு மருந்தாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெரும்பாலும் காசு கேட்க மாட்டார். மாத்திரையை மாற்றுவதா, நேரத்தை மாற்றுவதா என்பதை டாக்டர் சொல்லட்டும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், பிரஷர் மாத்திரையை நிச்சயமாக நிறுத்த வேண்டாம். அதுவரை படுக்கும்முன் ஸ்ப்ரேக்குப் பதில் ஜெல் தடவிப் பாருங்கள், கூடுதல் நேரம் நிற்கும். மூக்கடைத்து வாயால் மூச்சு விடுகிறாரா என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: விலை கூடிய ஜெல்தான் நல்லதா?
*(வாசகர், ஃபீனிக்ஸ்)*

பதில்: இல்லை. முதலில் சின்ன டியூப் வாங்குங்கள்.

கேள்வி: சுகாதார ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அம்மாவின் ஃபிளாட்டுக்கே வந்து, "உமிழ்நீர்ச் சுரப்பியை மறுபடி எழுப்பும்" மூலிகைச் சொட்டு மருந்து இரண்டு பாட்டில் விற்றுவிட்டுப் போயிருக்கிறார். 1,900 ராண்ட், பென்ஷன் பணம். வாங்கி மூன்று நாள் ஆகிறது. ஒரு பாட்டிலைத் திறந்துவிட்டார். "திறந்தால் ரீஃபண்ட் கிடையாது" என்கிறார் அந்த ஆள்.
*(மகள், டோங்காட்)*

பதில்: அம்மாவைத் திட்டாதீர்கள். கதவைத் தட்டி, டீ குடித்து, குடும்பத்தை விசாரித்துவிட்டு விற்கிறவனிடம் யாரும் ஏமாறுவார்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது இது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 16ஆம் பிரிவு: வீடு தேடி வந்தோ போனிலோ விற்றதை, பொருள் கைக்கு வந்ததிலிருந்து 5 வேலை நாளுக்குள், காரணம் எதுவும் சொல்லாமல் ரத்து செய்யலாம். வாய்ப்பேச்சு போதாது, பதிவாகிற மாதிரி எழுதி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஈமெயிலும் அனுப்புங்கள். திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. திறக்காத பாட்டிலுக்கு அவர் ஒரு சென்ட் கூடப் பிடிக்க முடியாது. திறந்ததற்கு, உபயோகித்த அளவுக்கு நியாயமாக ஏதாவது கழிக்கலாம். "ரீஃபண்டே கிடையாது" என்று சொல்ல முடியாது. பொருள் திரும்பப் போய்ச் சேர்ந்த 15 வேலை நாளுக்குள் பணம் வர வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் போங்கள், அங்கே கட்டணம் இல்லை. அதற்கு மேல் தேசிய நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ரா (SAHPRA) இதன் தரத்தையோ பாதுகாப்பையோ மதிப்பிடவில்லை என்று பொடி எழுத்தில் இருக்கக்கூடும். இருந்தால் அதையும் படம் பிடியுங்கள். சுரப்பி எழும்பும் என்று வாயால் சொன்னதற்கு எதிரே வைக்க உதவும்.

கேள்வி: வாய் காய்வதால் நாள் முழுக்கச் சர்க்கரை இல்லாத எலுமிச்சை மிட்டாய் சப்புகிறேன். எச்சில் நன்றாக ஊறுகிறது. ஆனால் ஆறு மாதத்தில் நாலு பல் கூசுகிறது. சர்க்கரைதான் இல்லையே, பிறகு எப்படி? மிட்டாய்க்காரரிடம் பணம் கேட்கலாமா?
*(வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)*

பதில்: கேட்கலாம், கிடைக்காது. மிட்டாய் மிட்டாயாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் நீங்கள் தொட்டது என் நெடுநாள் எரிச்சலை, எனவே கொஞ்சம் உட்காருங்கள்.

முன்பக்கம் "சர்க்கரை இல்லை" என்று எருமை அளவு எழுத்து. பின்பக்கம், மடிப்புக்குள், வெள்ளியில் வெள்ளை எழுத்தாக "சிட்ரிக் அமிலம்". வாயின் பி.எச். (புளிப்பின் அளவுகோல், எண் குறைந்தால் புளிப்பு கூடுதல்) சுமார் 5.5க்குக் கீழே போனால் பல்லின் எனாமல் கரைய ஆரம்பிக்கும். ஈறு இறங்கி வேர் தெரிகிற பல் அதற்கு முன்பே கரையும். எச்சில் நிறைய இருக்கிறவர் வாயில் அந்தப் புளிப்பு சீக்கிரம் கழுவப்பட்டுவிடும், கரைந்த சுண்ணாம்பும் கொஞ்சம் திரும்ப ஏறும். வாய் காய்ந்தவருக்கு அந்தக் காவல் இல்லை. புளிப்பு அங்கேயே உட்கார்ந்து வேலை பார்க்கும். அதாவது இந்த மிட்டாயை யார் அதிகம் வாங்குகிறார்களோ அவர்களுக்குத்தான் இது அதிகம் கெடுதல், அதையே அவர்களைக் குறிவைத்து விற்கிறார்கள்.

அடுத்தது சைலிடால், சர்க்கரைக்குப் பதில் சேர்க்கிற, பல்லைக் கெடுக்காத இனிப்பு. பெட்டி முழுக்க அந்தப் பெயர்தான் மின்னும். சேர்மானப் பட்டியலில் அதிகம் உள்ளது முதலில் வர வேண்டும். நானும் ஒரு டப்பா வாங்கினேன். சார்பிடால், மால்டிடால், பிசின் எல்லாம் தாண்டி, நிறமிக்கு முந்தின இடத்தில் சைலிடால் இருந்தது. விலை மட்டும் முதல் இடத்தில். பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத பட்டியலைப் பட்டியல் என்று ஏற்றுக்கொள்வதே தப்பு என்பது என் கட்சி. கடையிலேயே போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். "சாமி, வரிசையில் நிற்கிறோம்" என்று பின்னால் இருப்பவர் சொன்னால் சொல்லட்டும்.

நீங்கள் வாங்க வேண்டியது புளிப்பில்லாத, சர்க்கரை இல்லாத சூயிங்கம், புதினா மாதிரி. மெல்லுவதாலேயே எச்சில் ஊறும். அளவு மீறினால் வயிறு இளகும். பல் தேய்க்க ஃப்ளூரைடு 1,450 பி.பி.எம். உள்ள சாதாரண பேஸ்ட் எடுங்கள். பல் டாக்டரைப் பார்த்தால் தேவைப்பட்டால் 5,000 பி.பி.எம். எழுதித் தருவார். அந்த நாலு பல்லுக்காக எப்படியும் போகத்தான் வேண்டும்.

கேள்வி: காவடி விரதத்தில் இருக்கிறேன். செயற்கை எச்சில் சைவமா?
*(பக்தை, மௌண்ட் எட்ஜ்கோம்ப்)*

பதில்: எல்லாமே சைவம் அல்ல. சிலவற்றில் மியூசின் இருக்கும், அது பன்றி வயிற்றிலிருந்து எடுப்பது. சேர்மானத்தில் அந்தப் பெயர் இருந்தால் வைத்துவிடுங்கள். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் என்று இருப்பது தாவரத்திலிருந்து வருவது. என்சைம் சேர்த்தவை சிலவற்றில் பாலோ முட்டையோ மூலமாக இருக்கும், அதையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பாதி விலை என்று ஆன்லைனில் பன்னிரண்டு டியூப் ஜெல் வாங்கினேன். இப்போதுதான் பார்த்தேன், அடுத்த மாதம் காலாவதி. வாங்கி ஐந்து வாரம் ஆகிறது, ரசீதையும் அழித்துவிட்டேன். பணம் எப்படி வாங்குவது?
*(வாசகர், ஃபீனிக்ஸ்)*

பதில்: பன்னிரண்டா? ஆன்லைனில் வாங்கியதைப் பெரும்பாலும் 7 நாளுக்குள் காரணமில்லாமல் திருப்பலாம். நீங்கள் ஐந்து வாரம் பெட்டியைத் திறக்கவே இல்லை. காலாவதி ஆகாத பொருளைப் பழுதான பொருள் என்று சொல்லவும் முடியாது. கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், பெருந்தன்மைக்குச் சட்டம் குறுக்கே நிற்காது. தேதியைப் பார்க்காமல் பாதி விலைக்குப் பாய்கிறவர்களுக்கு நான் என்ன எழுதினாலும் ஆகப் போவதில்லை.

கேள்வி: மேசையில் வைத்திருந்த சைலிடால் சூயிங்கம் பாக்கெட்டை எங்கள் நாய் கடித்துத் தின்றுவிட்டது. உடம்புக்கு ஏதாவது செய்யுமா?
*(வாசகி, சாட்ஸ்வொர்த்)*

பதில்: செய்யும், உயிருக்கே ஆபத்து. இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவருக்குப் போன் போடுங்கள்.

கேள்வி: ஹியூமிடிஃபையர் (காற்றில் ஈரம் சேர்க்கும் கருவி) வாங்கலாமா?
*(வாசகர், லெனேசியா)*

பதில்: நீங்கள் வாங்கலாம். ஜோஹானஸ்பர்க் குளிர்காலக் காற்று மேட்டுநில வறட்சி, இரவில் ஹீட்டர் வேறு. தொட்டித் தண்ணீரைத் தினமும் மாற்றித் துடைப்பீர்கள் என்றால் மட்டும் வாங்குங்கள். நான் டர்பனில் இருந்துகொண்டு ஒன்று வாங்கினேன், சுவரே வியர்க்கிற ஊரில். திரைச்சீலையில் பூஞ்சைதான் வளர்ந்தது.

கேள்வி: வாய் மட்டுமில்லை, கண்ணும் மணல் போட்ட மாதிரி இருக்கிறது. கைமூட்டு வலிக்கிறது. எந்த மவுத்வாஷ் வாங்கட்டும்?
*(வாசகி, வெருலம்)*

பதில்: எதுவும் வாங்காதீர்கள். டாக்டரிடம் மூன்றையும் ஒன்றாகச் சொல்லுங்கள். ஷோக்ரன் நோய் இப்படித்தான் வரும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும், பெண்களுக்கு அதிகம். இரத்தப் பரிசோதனையில் தொடங்குவார்கள். சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வீட்டில் இருந்தால் அது எரியும், இன்னும் காய வைக்கும்.

கேள்வி: பல்செட் நழுவுகிறது. மூன்று பசை மாற்றிவிட்டேன்.
*(தாத்தா, ஸ்டாங்கர்)*

பதில்: மேல் பல்செட்டைப் பிடித்து வைப்பதே எச்சில்தான் தாத்தா. மாட்டும்முன் தண்ணீரில் நனையுங்கள், இரவில் கழற்றி வையுங்கள். அண்ணம் சிவந்து எரிந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை, மருந்து வேண்டும். செட் பழையது என்றால் அளவு சரிபார்க்கச் சொல்லுங்கள். நாலாவது பசை வேண்டாம்.