ஃப்ரீபிஎஸ்டி: சோதனைக் கோப்புக்கு இடம் எது?

கேள்வி: ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் சிறு கருவி ஒன்றில் இருந்த பிழையைத் திருத்தி, அதற்கு ஷெல்லில் ஒரு சோதனையும் எழுதியிருக்கிறேன். மூலநிரலின் மேல்மட்டத்தில் ‘டெஸ்ட்ஸ்’ என்ற அடைவு இருக்கிறது. சில கருவிகளின் அடைவுக்குள்ளும் அதே பெயரில் ஒன்று இருக்கிறது. என் கருவிக்கு இல்லை. எங்கே வைப்பது?

பதில்: கருவியின் அடைவுக்குள் ‘டெஸ்ட்ஸ்’ ஒன்றை உருவாக்கி அதில் வையுங்கள். கோப்புகளை நகலெடுக்கும் ‘சிபி’ கட்டளையின் சோதனை அதன் நிரலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நாளை அந்த நிரலில் கைவைப்பவரின் கண்ணில் சோதனையும் பட வேண்டும் அல்லவா? அதன் உறவு இயங்குதளமான ஓப்பன்பிஎஸ்டியில் சோதனைகள் ‘ரெக்ரெஸ்’ என்ற தனி அடைவுக்குள் இருக்கின்றன; எனக்கு அந்த ஏற்பாடு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

மேல்மட்ட ‘டெஸ்ட்ஸ்’ எந்த ஒரு கருவிக்கும் நூலகத்துக்கும் சொந்தமில்லாதவற்றுக்கு. முக்கியமாக, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் சோதனைகளுக்கு. இன்னொரு உறவு இயங்குதளமான நெட்பிஎஸ்டியிலிருந்து வந்த சோதனைகள், வெளியிலிருந்து வரும் நிரல்களுக்கான ‘கான்ட்ரிப்’ அடைவில் இருக்கின்றன. அங்கே உங்கள் கோப்பைச் சேர்க்காதீர்கள்.

இடம் பிடித்தால் மட்டும் போதாது. கருவியின் மேக்ஃபைலில் (தொகுக்கும், நிறுவும் விதிகளைச் சொல்லும் கோப்பில்) சோதனை உண்டு என்று அறிவித்து, புதிய அடைவுக்குள் ஒரு சிறு மேக்ஃபைல் எழுதிச் சோதனையின் பெயரைக் கொடுங்கள். சோதனைகளை ஓட்டும் கருவியான கியுவாவுக்கு வேண்டிய பட்டியல் கோப்பு தானாகவே உருவாகும். பலரும் மறப்பது, நிறுவும்போது எந்த அடைவுகளை உருவாக்க வேண்டும் என்று சொல்லும் ‘எம்ட்ரீ’ பட்டியலை. சோதனைகளுக்கான அந்தப் பட்டியலில் புதிய அடைவின் பெயர் இல்லையென்றால், தொகுப்பு ஒழுங்காக முடிந்தும் நிறுவும்போது ‘அப்படி ஓர் அடைவு இல்லை’ என்று நின்றுவிடும்.

அடுத்த சிக்கல், சோதனை ஓடும் இடம். மூலநிரலுக்குள் எழுதினாலும், நிறுவிய பிறகு ‘யுஎஸ்ஆர்’ அடைவில் உள்ள ‘டெஸ்ட்ஸ்’ஸிலிருந்துதான் அது ஓட வேண்டும், மூலநிரலே இல்லாத கணினியிலும் ஓட வேண்டும். போதாததற்கு, கியுவா ஒவ்வொரு சோதனையையும் புதிய தற்காலிக அடைவில் நிறுத்தி ஓட்டுகிறது. உங்கள் ஷெல் நிரல் பக்கத்தில் இருக்கும் மாதிரித் தரவுக் கோப்பை வெறும் பெயர் சொல்லித் திறந்தால், உங்கள் மேசையில் கையால் ஓட்டும்போது தேறும், கியுவாவில் தோற்கும். தரவுக் கோப்பையும் நிறுவவேண்டியவற்றின் வரிசையில் மேக்ஃபைலில் சேருங்கள். சோதனைக்குள், அது நிறுவப்பட்ட அடைவு எது என்று சோதனை எழுத உதவும் ஏடிஎஃப் நூலகத்தின் செயற்கூறிடம் கேட்டு, அந்தப் பாதையை முன்னால் ஒட்டித் திறவுங்கள். தரவு ஐந்தாறு வரிதான் என்றால் தனிக் கோப்பே வேண்டாம், சோதனைக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

பிற்பாடு சோதனையின் பெயரை மாற்றினாலோ நீக்கினாலோ, வழக்கொழிந்த கோப்புகளின் பட்டியலில் பழைய பெயரைக் குறித்துவிடுங்கள். குறிக்காவிட்டால், கணினியை மேம்படுத்துகிறவர் பழையவற்றைத் துடைக்கும் கட்டளையைக் கொடுத்தாலும் அந்தக் கோப்பு அவருடைய கணினியிலேயே தங்கிவிடும்.