பார்பரா ஆலனை மூன்று குரலில் பாடுவது எப்படி?

கேள்வி: எங்கள் பெண்கள் கொயரில் (சேர்ந்து பாடும் குழுவில்) 'பார்பரா ஆலன்' என்ற பழைய ஆங்கில நாட்டுப்புறக் கதைப்பாட்டை முதல் சரணத்திலிருந்தே மூன்று குரல் ஹார்மனியில், அதாவது ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களில், பாடிப் பார்த்தோம். அழகாக இருக்கிறது, ஆனால் சோகம் வரவில்லை. சோகச் சாயல் தரும் மேற்கத்திய சுர வரிசையான மைனருக்கு மாற்றலாமா? ஆண் குரல் இல்லாமல் அந்த இளைஞனின் வரிகளை என்ன செய்வது?

பதில்: மைனருக்கு மட்டும் மாற்றிவிடாதீர்கள். சாகக் கிடக்கிற இளைஞன் தான் காதலிக்கும் பார்பராவை ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறான், அவள் மெதுவாக எழுந்து மெதுவாக வந்து 'நீ சாகப்போகிறாய் போலிருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போகிறாள், வழியில் சாவு மணி கேட்கிறது, பிறகு அவளும் செத்துப்போகிறாள். இத்தனையையும் பாட்டு அழாமல் ஒரே மெட்டில் சொல்லிக்கொண்டே போகிறது. வலிப்பது அதனால்தான். 1666 ஜனவரி 2 அன்று ஒரு நடிகை இதைப் பாடக் கேட்டு ரசித்ததை லண்டன்காரர் சாமுவேல் பெப்பிஸ் டைரியில் எழுதியிருக்கிறார். இத்தனை காலம் தாங்கிய மெட்டுக்கு நாம் சோகம் சேர்க்க வேண்டியதில்லை.

முதல் இரண்டு சரணங்களை எல்லோரும் அதே மெட்டையே சேர்ந்து, ஹார்மனியே இல்லாமல் பாடுங்கள். அப்புறம் ஆல்ட்டோக்கள் (தாழ்ந்த குரல் பெண்கள்) மட்டும் கீழே ச-ப பிடித்து நிற்கட்டும். உங்களிடம் பாஸ் (ஆண்களின் தாழ்ந்த குரல்) கிடையாது, ஆல்ட்டோ பியானோவின் நடு சி-க்குக் கீழே ஜி வரைதான் வசதியாக இறங்கும், அதற்கும் கீழே போனால் வெறும் காற்றுதான் வரும் என்பதால் சுருதியை இதைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

இளைஞனின் வரிகளை ஆல்ட்டோக்கள் எல்லோரும் சேர்ந்து பாடலாம். ஆண் மாதிரி குரலைக் கனமாக்க வேண்டாம். பார்பராவின் பதில் ஒரே ஒரு குரல், துணையே இல்லாமல், சாதாரணமாகப் பேசுவதுபோல. இந்த இடத்தில் உணர்ச்சி காட்டினால் பாட்டு கெட்டுவிடும்.

மெட்டு எது என்பதும் முக்கியம். நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்த ஆங்கிலேயர்கள் செசில் ஷார்ப்பும் மாட் கார்ப்பலஸும் 1916 முதல் 1918 வரை அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் சேகரித்த மெட்டுகளில் பல ஐந்து சுரங்களிலேயே அமைந்தவை; மேஜர் (மைனருக்கு மாற்றான சுர வரிசை) சாயல் உள்ளவை கிட்டத்தட்ட நம் மோகனம்தான். அதில் அரைச்சுரம் உரசாது என்பதால் ஒரு குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் அதே மெட்டைத் தாமதமாகத் தொடர்ந்தாலும் காதை உறுத்தாது. மணி கேட்கும் சரணத்துக்கு இதையே வையுங்கள், 'டிங் டாங்' எல்லாம் வேண்டவே வேண்டாம். கல்லறைகளிலிருந்து ரோஜாவும் முள்செடியும் வளர்ந்து பின்னிக்கொள்ளும் கடைசிச் சரணத்தில்தான் முழு மூன்று குரல்: இரண்டாம் சோப்ரானோவும் (உயர்ந்த குரல்களில் சற்றுத் தாழ்ந்தது) ஆல்ட்டோவும் ஒன்றையொன்று தாண்டி மேலும் கீழுமாகப் போகட்டும்.

சரணங்கள் அதிகமென்றால் ஏழு எட்டாகக் குறைக்கலாம், மணியையும் கல்லறையையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். பியானோ வேண்டாம். வேகத்தையும் இழுக்காமல், பேசும் நடையிலேயே கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள்.