கேட்கக் கூச்சமா? முதலில் ஐந்து பேருக்கு எழுதுங்கள்

கேள்வி: எனக்கு வயது 29. ஐந்து ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். நிறுவனத்தை மூடிவிட்டார்கள். எட்டு மாதங்களாக வேலை தேடுகிறேன். இணையத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் போட்டும் இரண்டே நேர்காணல்கள்தான் வந்தன. தெரிந்தவர்களிடம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. என்னிடம்தான் ஏதோ குறையோ?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முந்நூறு முறை முயன்ற ஒருவரிடம் முயற்சியில் குறை இருக்க முடியாது. தவறு தேடும் இடத்தில் இருக்கிறது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வுக்காக, வேலை மாறியவர்களிடம் அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். பாதிக்கும் மேற்பட்டோர் தெரிந்தவர் வழியாகக் கிடைத்தது என்றார்கள். அந்தத் தெரிந்தவரை எத்தனை முறை சந்திப்பீர்கள் என்று கேட்டபோது, அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 17 பேர்தான். மற்றவர்களுக்கு எப்போதோ பார்க்கிற பழைய சக ஊழியர், நெடுநாள் தொடர்பில்லாத நண்பர் போன்றவர்களே உதவியிருந்தார்கள். காரணம் எளிது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சற்றுத் தள்ளி இருப்பவர்தான் நாம் கேள்விப்படாத காலியிடத்தைக் கேள்விப்படுகிறார். வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தின் பயனர்கள் இரண்டு கோடிப் பேரை வைத்துச் செய்து 2022இல் வெளியான ஆய்விலும், நெருக்கமில்லாமல் ஓரளவு மட்டும் பழகியவர்களின் தொடர்பே அதிகம் கைகொடுத்திருக்கிறது.

ஆகவே, நீங்கள் இப்போது அதிகம் பேசாத, தெரிந்தவர்கள் ஐந்து பேரின் பெயர்களை எழுதுங்கள். அவர்களிடம் வேலை கேட்க வேண்டாம்; விவரம் கேளுங்கள். "வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்றால் அவர் கைவிரிக்கத்தான் முடியும். இப்படி எழுதிப் பாருங்கள்: "கணக்குப் பிரிவில் ஐந்து ஆண்டு அனுபவத்தோடு அடுத்த வேலையைத் தேடுகிறேன். உங்கள் துறையில் இப்போது எப்படிப்பட்டவர்களை எடுக்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன். பதினைந்து நிமிடம் பேச முடியுமா?" இதற்குச் சரி என்று சொல்வது அவருக்குச் சுலபம். பேசி முடிக்கும்போது, "இன்னும் யாரிடம் பேசலாம்?" என்று கேட்க மறக்காதீர்கள். அந்தக் கேள்விதான் அடுத்த கதவைத் திறக்கும். ஒரு வாரம் பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்குமேல் வேண்டாம்.

விண்ணப்பங்களை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. முப்பது அனுப்பும் நேரத்தில் மூன்று அனுப்புங்கள். பல நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் வாங்கி வகைப்படுத்துவது மென்பொருள்தான். பெட்டிகள், படங்கள், பக்கத்தை இரண்டாகப் பிரிக்கும் பத்திகள் வைத்து அலங்கரித்த சுயவிவரத்தை அது தாறுமாறாகப் படித்துவிடலாம். எளிய வடிவமே போதும். விளம்பரத்தில் இருக்கும் சொல்லையே, அது உங்களுக்குப் பொருந்தினால், நீங்களும் பயன்படுத்துங்கள். "கணக்குப் பணிகளைக் கவனித்தேன்" என்ற வரி யாருக்கும் எதையும் சொல்லாது. மாதத்துக்கு எத்தனை பில்களைச் சரிபார்த்தீர்கள், மாத இறுதிக் கணக்கை முடிக்க முன்பு எத்தனை நாள் ஆயிற்று, நீங்கள் வந்தபின் எத்தனை நாள் என்று எண்ணோடு எழுதுங்கள். உண்மையான எண்ணாக மட்டும் இருக்கட்டும். நேர்காணலில் அதைத்தான் துருவுவார்கள்.

எட்டு மாத இடைவெளியை மறைக்காதீர்கள். "நிறுவனம் மூடப்பட்டது" என்பது ஒரே வரியில் முடிகிற நேர்மையான பதில்.

வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவரிடம், எவ்வளவு சிறிய தொகையானாலும், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் தேடிக் களைத்தவர்களைத்தான் அவர்கள் குறிவைக்கிறார்கள்; அதனால் உங்களை நினைத்து எனக்குக் கவலையாக இருக்கிறது.

அந்த ஐந்து பெயர்களுக்கு வெகுதூரம் போக வேண்டாம். உங்கள் நிறுவனம் மூடப்பட்டபோது அங்கிருந்த எல்லோரும்தானே வெளியே வந்தார்கள்? இன்று அவர்களில் பலர் வெவ்வேறு அலுவலகங்களில் இருப்பார்கள். நீங்கள் எப்படி வேலை செய்வீர்கள் என்பதை நேரில் பார்த்தவர்கள் அவர்கள். வேலை போன வலியும் அவர்களுக்குத் தெரியும். முதல் கடிதத்தை உங்கள் பழைய மேலாளருக்கு எழுதுங்கள்.