நடுவுல நடந்தா அது அரை மராத்தான் கணக்குல வராதா?

கேள்வி கேட்டவங்க எழுதியிருந்தது: "எனக்கு ஓடியே பழக்கமில்ல, நாப்பது வயசு நெருங்குது, தோட்டத்துப் பக்கம் இருக்கேன், இங்க ஜிம்மும் கிடையாது டிராக்கும் கிடையாது. இன்னும் நாலு மாசத்துல 21 கிலோமீட்டர் ஓட முடியுமா? நடுநடுவுல நடந்தா அத ஓடினதா ஒத்துக்குவாங்களா?"

நீங்க ஆம்பளையா பொம்பளையான்னு போடல. ஆனா அந்தக் கடைசி வரிய படிச்சதும் எனக்கு நம்ம தங்கச்சி ஒருத்திதான் கேக்கறான்னு பட்டுச்சு, அதனால தங்கச்சின்னே கூப்பிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆம்பளைங்க "எவ்வளவு வேகமா ஓடலாம்"னுதான் கேப்பாங்க. "ஒத்துக்குவாங்களா"ன்னு நாமதான் கேப்போம்.

மொதல்லயே சொல்லிடறேன், நான் கோச் கிடையாது, டாக்டரும் கிடையாது. மலேசியாவுல பெஸ்தாரி ஜெயாங்கற ஊர்ல இருக்கேன், 2007-ல ஊர் பேர மாத்திட்டாங்க, ஆனா எங்க வாயில இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான் வரும். கையுறை தொழிற்சாலையில காலைல ஏழுக்கு உள்ள போனா ராத்திரி ஏழுக்கு வெளிய வர்ற ஷிஃப்ட், நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை. மூணு வருசத்துக்கு முன்னால, அப்ப எனக்கு 40 வயசு, கூட வேலை செய்யற மலாய்க்கார பொண்ணு ஒண்ணு கழுத்துல மெடல் போட்டு எடுத்த படத்தக் காட்டுனா. ரெண்டு புள்ள பெத்தவ. அவளால முடிஞ்சா என்னால முடியாதான்னு அன்னிக்கு ராத்திரியே ஃபோன்ல பன்னெண்டு வார திட்டம் ஒண்ண இறக்கிட்டேன்.

அதுல நான் செஞ்ச தப்ப நீங்க செய்யக்கூடாதுன்னுதான் இவ்வளவு நீளமா எழுதறேன். மொத வாரம் 5 கிலோமீட்டர், ரெண்டாவது வாரம் 8, மூணாவது வாரம் ஞாயித்துக்கிழமை 12. மூச்சு தாங்குச்சு, அதனால ஒடம்பு தாங்குதுன்னு நெனைச்சிட்டேன். இதயமும் நுரையீரலும் சில வாரத்துலயே பழகிடும், ஆனா எலும்பும் தசைநாரும் பழக மாசக்கணக்குல ஆகும், இது எனக்கு அப்பத் தெரியாது. நாலாவது வாரம் ரெண்டு கால்லயும் முன்னெலும்போரமா, கெண்டைக்கு முன் பக்கம், நெருப்பு வச்ச மாதிரி வலி. தொழிற்சாலையில நிக்க முடியாம கண்ணு கலங்கிப் போச்சு. கிளினிக்குக்குப் போனா அந்த டாக்டர் என் கால தொட்டுக்கூட பாக்கல, "இந்த வயசுல ஏம்மா உங்களுக்கு ஓட்டம், வீட்டுல சும்மா நடங்க"ன்னு சொல்லி வலி மாத்திரை குடுத்து 65 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிட்டாரு. அஞ்சு வாரம் சும்மா கெடந்தேன். அந்த அஞ்சு வாரமும் "சும்மா நடங்க"ன்னு சொன்னது காதுல ஓடிக்கிட்டே இருந்துச்சு.

அப்புறம்தான் மரக் கணக்கு வந்துச்சு. இத யாரும் சொல்லிக் குடுக்கல.

எங்க டாமான, அதான் வீடமைப்புப் பகுதிய, தாண்டினா செம்பனைதான், எண்ணெய் எடுக்கற பனை. இந்த நாட்டுலயே மொத மொதல்ல செம்பனைய வியாபாரத்துக்குன்னு நட்டது எங்க ஊருப் பக்கம் தென்னமரம் தோட்டத்துல, 1917-ல, அதனால எங்களுக்கு செம்பனை சடக்குக்கு (தோட்டத்து ரோட்டுக்கு) என்னிக்கும் பஞ்சமில்ல. காலைல அஞ்சரைக்கு இருட்டு. நம்ம நாட்டுல ஏழு மணிக்கு மேலதான் வெளிச்சமே வருது இல்லியா. நெத்தியில லைட்டு கட்டிக்கிட்டுப் போவேன், வேர்வையில ஃபோன் ஸ்க்ரீன் ஒண்ணும் தெரியாது, நேரம் பாக்க முடியாது. சரி, மரத்த எண்ணுவோம்னு ஆரம்பிச்சேன். வரிசையில ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் சுமாரா 9 மீட்டர் விட்டு நட்டிருப்பாங்க. மொதல்ல 10 மரம் ஓட்டம், 10 மரம் நடை. ரெண்டு வாரம் கழிச்சு 15 ஓட்டம், 10 நடை. அப்படியே 20, 25, கடைசியில 30 மரம் ஓட்டம், 10 மரம் நடை, அதுலயே நின்னுட்டேன், அதுக்கு மேல ஏத்தவே இல்ல. 30 மரம்னா 270 மீட்டர், எனக்கு சுமாரா ரெண்டு நிமிஷம். 10 மரம்னா 90 மீட்டர், ஒரு நிமிஷ நடை. கால் வலிக்கறதுக்கு முன்னாலயே நடந்துடணும், இதுதான் விசயம். வலிச்ச பெறகு நடந்தா அது களைப்பு, வலிக்கறதுக்கு முன்னால நடந்தா அது திட்டம்.

என் மகன் கேட்டுட்டு "அம்மா இது ஏற்கனவே இருக்கு"ன்னான். ஜெஃப் கேலோவேன்னு ஒரு அமெரிக்கர், 1972 ஒலிம்பிக்ஸ்ல 10,000 மீட்டர் ஓடினவரு, பல வருசமா இப்படித்தான் சொல்லிக் குடுத்தாராம், ஓடு நட ஓடுன்னு. ஒலிம்பிக்ஸ் ஓடினவரே நடக்கச் சொல்லியிருக்காருன்னு கேட்டதும் எனக்கு எவ்வளவு தெம்பு வந்துச்சுன்னு சொல்லி முடியாது.

இத எழுதும்போதே தெரியும், வேகமா ஓடறவங்க யாராச்சும் வந்து "நடந்தா அது ரேஸ் இல்ல அக்கா"ன்னு எழுதுவாங்க. எழுதுங்க. நீங்க ரெண்டு மணி நேரத்துல முடிக்கறவங்களா இருக்கலாம், உங்க உழைப்ப நான் கொறச்சு சொல்லல. ஆனா ஓட்ட விதியில நடக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. 21.0975 கிலோமீட்டர ஒங்க சொந்தக் கால்ல, குடுத்த நேரத்துக்குள்ள கடக்கணும், அவ்வளவுதான். நடையக் கேவலமா பேசறவங்களுக்கு இன்னொண்ணும் சொல்றேன். 1998-ல கே.எல். (கோலாலம்பூர்) காமன்வெல்த் போட்டியில நம்ம ஜி. சரவணன் தங்கம் வாங்கினது எதுல? 50 கிலோமீட்டர் நடையில. நாலு மணி நேரத்துக்கு மேல நடந்தாரு. நான் அப்ப ஃபோர்ம் ஃபோர், எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீடுங்க) டிவி இருந்த வீட்டு வாசல்ல பாதி லயம் நின்னுச்சு, எங்கப்பா கண்ணத் தொடச்சத நான் பாத்தேன். தைப்பூசத்துக்கு கே.எல். மாரியம்மன் கோயில்லேர்ந்து பத்துமலை வரைக்கும் வெள்ளி ரதத்துக்குப் பின்னால ராத்திரி பூரா வெறுங்கால்ல நடக்கற ஜனம் நாம, அதுவே சுமார் 15 கிலோமீட்டர் வரும். நமக்கு நட கேவலமா?

சரி, உங்க நாலு மாசத்துக்கு வர்றேன். இப்ப நிக்காம 5, 6 கிலோமீட்டர் நடக்க முடியுதுன்னா நாலு மாசம் போதும். அதுவே முடியலன்னா ஆறு மாசமா எடுத்துக்கங்க, அவசரப்படாதீங்க. வாரத்துக்கு மூணு நாள் போதும், ரெண்டு நாள் சின்ன ஓட்டம் அரை மணி நேரம், 40 நிமிஷம், ஒரு நாள் நீள ஓட்டம். நான் நீள ஓட்டத்த கூட்டினது இப்படி: 6, 7, 8, அப்புறம் கொறச்சு 6. மறுபடி 9, 10, 12, கொறச்சு 8. பெறகு 13, 14, 16, கொறச்சு 10. பெறகு 17, 18. அதோட நிறுத்திட்டு 12, கடைசி வாரம் ஓட்டம். பதினாறு வாரம் சரியா வரும். அந்தக் கொறைக்கற வாரத்துலதான் கால் எலும்பு தேறுது, அத மட்டும் விட்டுடாதீங்க, நான் மொத தடவ கெட்டதே அதுலதான். 21-ஐ முன்னாலயே ஓடிப் பாக்க வேண்டியதில்ல, 18 போனவங்களுக்கு மிச்சம் மூணு அன்னிக்கு வந்துடும்.

வேகம் எப்படின்னா, பக்கத்துல ஆள் இருந்தா மூச்சு வாங்காம ஒரு முழுப் பேச்சு பேச முடியணும். நீள ஓட்டத்தன்னிக்கு எங்க வீட்டுக்காரர் மோட்டோல பின்னாலயே வருவாரு, மொத கியர்லயே உருட்டிக்கிட்டு, அவருக்கும் அன்னிக்கு ஒரு நாள்தான் லீவு, இருந்தும் வருவாரு. அவர்கிட்ட வீட்டுக் கணக்கு பேசிக்கிட்டே ஓடுவேன். பேச்சு நின்னா வேகம் ஜாஸ்தின்னு அவரே ஹார்ன் அடிச்சிடுவாரு. ஃபோன்ல வர்ற திட்டமெல்லாம் குளிர் நாட்டுக்காரங்க போட்டது தங்கச்சி. நம்ம ஊரு காத்துல ஈரம் ஜாஸ்தி, வேர்வை ஊத்தும் ஆனா காயாது, காஞ்சாத்தான் ஒடம்பு குளிரும். அதனால அதே வேகத்துக்கு நமக்கு இதயம் கூட அடிக்கும். அவங்க போட்ட நிமிஷத்த தொரத்தாதீங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல போனா வெறும் தண்ணியே குடிச்சுக்கிட்டு இருக்காதீங்க, உப்பு போகுது, 100 பிளஸ் மாதிரி உப்புச் சத்து பானமோ உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணியோ கலந்து குடிங்க. பசியாறாம நீள ஓட்டம் போகாதீங்க, ரெண்டு ரொட்டி, ஒரு வாழப்பழம், மைலோ, அது போதும். அன்னிக்கு நாசி லெமாக் வேணாம், வயித்தப் பெரட்டும்.

சப்பாத்து அரை சைஸ் பெருசா வாங்குங்க, ஓட ஓட கால் வீங்கும், எனக்கு கட்டவெரல் நகம் ரெண்டும் கறுத்து விழுந்துச்சு. சாயந்திரமா போயி வாங்குங்க, காலைல வாங்காதீங்க. மார்ப இறுக்கிப் பிடிக்கற ஸ்போர்ட்ஸ் பிராவுக்கு காசு செலவு பண்ணுங்க, டி-சட்டைக்கு வேணாம். தொடை உரசற எடத்துல வாஸ்லின்.

தோட்டத்துச் சடக்குல நாய் வந்தா ஓடாதீங்க. நின்னு, அத பாத்தபடியே மெதுவா நடங்க, ஓடினாத்தான் தொரத்தும். மட்டை அடுக்கி வச்சிருக்கற ஓரத்துக்குப் போகவே போகாதீங்க, எலிக்காக பாம்பு வரும், நடு சடக்குலயே போங்க. செம்பனை முள்ளு சப்பாத்து அடியக் கிழிச்சு உள்ள வந்துடும். குலை ஏத்தற லோரி வெடியக்காலத்துல வேகமா வரும், பளிச்சுன்னு சட்டை போடுங்க. புகைமூட்டம் இருக்கற வாரம் வெளிய ஓடாதீங்க, 2015-ல அதனாலதான் கே.எல். மராத்தானே ரத்தாச்சு.

இருட்டுல நாயிக்கும் லோரிக்கும் பயந்துகிட்டு நாம ஏன் செம்பனைக்குள்ள ஓடணும்னு கேளுங்க. இது உங்க கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா சொல்லாம இருக்க முடியல. நான் பொறந்த தோட்டத்துல பெரட்டுக் களத்துக்கு, அதான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கற எடத்துக்கு, பின்னால பெரிய திடல் இருந்துச்சு. பொங்கலுக்கு ஓட்டப்போட்டி, கயிறு இழுக்கறது, கிழவிங்களுக்கு நாற்காலிப் போட்டி. எங்கப்பாவும் சித்தப்பாவும் பந்து வெளையாடின திடல். வேலி போட்டாங்க, "தற்காலிகம்"னாங்க, அடுத்த வருசம் கன்னு நட்டுட்டாங்க. எங்க தமிழ்ப்பள்ளிப் புள்ளைங்க காடி நிறுத்தற எடத்துல ஓட்டப்போட்டி நடத்துச்சுங்க, என் மகன் தார்ல விழுந்து முட்டி கிழிஞ்ச தழும்பு இன்னும் இருக்கு. அப்புறம் நம்ம புள்ளைங்க சோம்பேறிங்கன்னு மேடையில பேசறாங்க. ஓட எடம் குடுத்துட்டு பேசுங்க. நம்ம எம். இராமச்சந்திரன் 1994-ல 5000, 10,000 மீட்டர்ல தேசிய சாதனை வச்சாரே, அப்படி ஒருத்தரு திடல் இல்லாமலா வருவாரு?

சரி, விடுங்க. என் ஓட்டம் கே.எல்.ல நடந்துச்சு, வெடியக்காலம் அஞ்சு மணிக்கு. மரம் கெடையாது, அதனால மகன் கைக்கடிகாரத்துல ரெண்டு நிமிஷத்துக்கும் ஒரு நிமிஷத்துக்கும் பீப் வச்சுக் குடுத்தான். மொத நடை வந்தப்ப எல்லாரும் என்னத் தாண்டிப் போனாங்க, வெக்கமா இருந்துச்சு, மறைக்க மாட்டேன். 14 கிலோமீட்டருக்கு மேல அதே ஆளுங்கள ஒவ்வொருத்தரா நான் தாண்டினேன். எங்க ஊரு தட்டையான ஊரு, கே.எல். மேடு எனக்குப் பழக்கமில்ல, மேட்டுல பீப் பாக்காம நடந்தேன், எறக்கத்துல சேத்து ஓடிக்கிட்டேன். 19-ல தொடை ரெண்டும் கல்லு மாதிரி ஆச்சு. அப்ப வாய் விட்டே மரத்த எண்ணினேன், ஒண்ணு, ரெண்டுன்னு, இல்லாத மரத்த. 3 மணி 4 நிமிஷத்துல முடிச்சேன். எங்க வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு என் பேரச் சொல்லிக் கத்தினாரு, கல்யாணமான இத்தன வருசத்துல வெளியெடத்துல அவர் என் பேரச் சொன்னதே இல்ல.

அடுத்த வெள்ளிக்கெழம கோயில்ல ஒரு அக்கா, சொந்தக்காரங்கதான், "முக்காவாசி நடந்தே முடிச்சியாமே"ன்னு நாலு பேரு முன்னால கேட்டாங்க. அன்னிக்கு எனக்குப் பதில் வரல. இன்னிக்கு சொல்றேன்: 40 மரத்துல 10 மரம் நடந்தேன், நாலுல ஒரு பங்கு தூரம், மேட்டுல கொஞ்சம் கூடயிருக்கும். மிச்சத்த ஓடினேன்.

காசு கட்டறதுக்கு முன்னால ஒண்ணு பாருங்க தங்கச்சி, அந்த ஓட்டத்துக்கு கட்-ஆஃப் நேரம், அதான் முடிக்கக் குடுத்த கெடு, எவ்வளவுன்னு. 3 மணி 30 நிமிஷம், அதுக்கு மேலன்னா இந்த மரக் கணக்குல போனாலே நேரம் மிச்சமிருக்கும். ரெண்டே முக்கா, மூணு மணி நேரம்னு போட்டிருந்தா அத இந்த வருசம் விட்டுட்டு வேற ஓட்டம் பாருங்க.