பழத்தோடு கச்சானும் தயிரும்: மகனுக்கு வீட்டிலேயே ஸ்மூதி

கேள்வி: என் மகனுக்கு 18 வயது, 54 கிலோ. கரப்பந்தாட்டம் விளையாடுகிறான். உடம்பு வைக்க வேண்டும் என்று புரதப் பவுடர் டின் கேட்கிறான். விலை கட்டாது. பழங்களை அடித்து வீட்டிலேயே செய்து கொடுக்கலாமா? சீனி வருத்தம் உள்ள மாமாவும் (68 வயது) அதையே குடிக்கலாமா?
– ஒரு தாய், முள்ளியவளை

பதில்: மகனுக்குத் தாராளமாகச் செய்து கொடுங்கள், அம்மா. டின் தேவையில்லை. ஆனால் ஒரு விஷயம்: பழத்தில் புரதம் மிகக் குறைவு. ஒரு வாழைப்பழத்தில் சுமார் 1 கிராம்தான் இருக்கும். பழம் ருசிக்காகவும் சக்திக்காகவும்தான். புரதம் அதோடு நீங்கள் சேர்ப்பதிலிருந்துதான் வர வேண்டும்.

அதற்கு நம் வன்னியில் பஞ்சமில்லை. வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலில் வாங்கி வருகிற கச்சானையே (நிலக்கடலை) எடுங்கள். வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் 30 கிராமில், அதாவது ஒரு சிறங்கையில், ஏழு கிராமுக்கு மேல் புரதம் உண்டு. காய்ச்சி ஆறிய பசும்பால் 200 மில்லிலீட்டரில் ஆறு, ஏழு கிராம். அரைக் கப் எருமைத் தயிரில் நாலு கிராம் அளவு. இவற்றோடு ஒரு கனிந்த வாழைப்பழம். எல்லாம் சேர்ந்து 18 கிராமைத் தாண்டும். விளையாடுகிற பிள்ளைக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்தால் நாளுக்கு 65 கிராம் வேண்டும். கால்வாசிக்கு மேல் இந்த ஒரு கப்பிலேயே வந்துவிடும். மிச்சத்தை மீன், முட்டை, பருப்பு, சோயா பார்த்துக்கொள்ளும்.

கச்சானை அரை மணி நேரம் ஊறவிட்டு, கொஞ்சப் பாலோடு முதலில் நைசாக அடியுங்கள். அப்புறம்தான் பழமும் தயிரும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் கச்சான் பல்லில் கடிபடும், பிள்ளை மறுநாள் குடிக்கமாட்டான். கரண்ட் இல்லாவிட்டால் கச்சானை உரலில் இடித்து, பழத்தை மசித்து, மத்தால் கடையலாம். சீனி வேண்டாம், பழத்தின் இனிப்பே போதும். பப்பாசி போட்டால் உடனே குடிக்க வேண்டும். பாலோடு சேர்ந்து நின்றால் கசக்கும். பாலைப்பழத்தை மட்டும் இதில் போடாமல் தனியாகவே சாப்பிடுங்கள், அதன் பிசுபிசுப்பும் சுகமும் வேறு.

பூஞ்சணம் பிடித்த, கறுத்த, கசக்கிற கச்சானை ஒன்றுகூடச் சேர்க்காதீர்கள். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. பச்சை முட்டையை உடைத்து ஊற்றும் பழக்கமும் வேண்டாம். கிருமித் தொற்று வரலாம். அவித்த முட்டையின் புரதம்தான் உடம்பில் நன்றாகச் சேரும். கச்சான் ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடவே கூடாது.

இனி மாமா. அவருக்கு இதை இப்போது கொடுக்காதீர்கள். நீரிழிவு பல வருடம் இருந்தால் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகும். வவுனியாப் பக்கம் நீரிழிவு இல்லாதவர்களுக்கே காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வருகிறது. பழுதான சிறுநீரகத்துக்குக் கூடுதல் புரதம் பாரம். வாழைப்பழத்திலும் பாலிலும் உள்ள பொட்டாசியமும் இரத்தத்தில் தேங்கும். அடுத்த கிளினிக்கில் இரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சரி என்றால், வாழைப்பழத்துக்குப் பதில் இரண்டு துண்டு கொய்யா போட்டு, அரைக் கப் அளவில், காலைச் சாப்பாட்டோடு மேலதிகமாக இல்லாமல் அதில் ஒரு பங்கைக் குறைத்துக் கொடுக்கலாம். அதுவரை அவருக்கு வழமையான சாப்பாடே போதும்.